மஞ்சள் பத்தும் மிசிசிப்பி பேடண்ட்டும்

போன மாசம் ஆபீஸ் மாடிப்படியில செல்லை நோண்டிக்கிட்டே இறங்கினதுல கடைசிப் படியைக் கோட்டை விட்டுட்டேன். கணுக்கால் மடங்கி, சாயங்காலத்துக்குள்ள கொழுக்கட்டை மாதிரி வீங்கிடுச்சு. எலும்புக்கு ஒண்ணும் ஆகலைன்னு எக்ஸ்ரே பாத்து டாக்டர் சொல்லிட்டார். அப்புறம்தான் வீட்டுல பட்டிமன்றம் ஆரம்பிச்சுது.

அம்மா மஞ்சளையும் சுண்ணாம்பையும் குழைச்சுக்கிட்டு வந்தாங்க. தம்பி ஃப்ரிட்ஜுல இருந்து ஐஸோட வந்தான். நடுவர் சித்தப்பா. "மஞ்சள் வீக்கத்தை வத்த வைக்கும்னு அமெரிக்காக்காரனே ஒத்துக்கிட்டான்டா, கேஸ் போட்டு ஜெயிச்சோமே!" அப்படின்னு தீர்ப்பு சொல்லிட்டார்.

ரெண்டு நாள் ஆணி எதுவும் புடுங்காம, காலைத் தலையணை மேல தூக்கி வச்சுக்கிட்டு அந்தக் கேஸைத் தோண்டினேன். சித்தப்பா சொன்னதுல பாதிதான் சரி.

1995 மார்ச்சுல மிசிசிப்பி பல்கலைக்கழக மருத்துவ மையத்துக்கு அமெரிக்க பேடண்ட் ஒண்ணு கிடைச்சுது. எண் 5,401,504. புண் ஆற மஞ்சள்தூளைப் பயன்படுத்துற முறைக்கு. கவனிங்க, புண்ணுக்குத்தான், சுளுக்கு வீக்கத்துக்கு இல்ல. கண்டுபிடிச்சவங்கன்னு பேர் போட்டிருந்த ரெண்டு பேருமே இந்திய வம்சாவளிக்காரங்கங்கறது கூடுதல் தமாஷ்.

மஷேல்கர் தலைமையில இருந்த சிஎஸ்ஐஆர் 1996-ல இதை மறுபரிசீலனை பண்ணச் சொல்லி மனு போட்டுச்சு. இங்க ஒரு சிக்கல். அன்னிக்கு இருந்த அமெரிக்கச் சட்டப்படி, வெளிநாட்டுல ஒரு விஷயம் வழக்கத்துல இருக்குங்கறது மட்டும் போதாது, அது அச்சுல வந்திருக்கணும். அதாவது எங்க பாட்டி, அவங்க பாட்டின்னு எல்லாரும் வரிசையா வந்து சாட்சி சொன்னாலும் செல்லாது! (இந்த விதி 2013 மார்ச்சுல மாறிடுச்சு.) அதனால சிஎஸ்ஐஆர் 32 ஆதாரங்களைத் தேடி எடுத்துச்சு. சமஸ்கிருதம், உருது, இந்தி நூல்கள், கூடவே இந்திய மருத்துவச் சங்க இதழ்ல 1953-ல வந்த ஒரு கட்டுரை. 1997-ல பேடண்ட் ரத்தாச்சு.

ஆனா எதுக்காக ரத்தாச்சு? 'இது புதுசு இல்ல'ன்னுதான். 'இது வேலை செய்யுது'ன்னு யாரும் தீர்ப்பு சொல்லல. நம்ம பொட்டி தட்டுற பாஷையில சொன்னா, கோடை முதல்ல கமிட் பண்ணது யாருங்கறதுதான் வழக்கு. அதுல பக் இருக்கா இல்லையான்னு எந்த டெஸ்டிங்கும் நடக்கல. கால் நூற்றாண்டுக்கு மேல சித்தப்பா மாதிரி எத்தனையோ பேர் இந்த ரெண்டையும் குழப்பிக்கிட்டு இருக்காங்க. (போன மாசம் வரைக்கும் நானும்தான் :-))

டெஸ்டிங் பக்கம் பாத்தா கொஞ்சம் வருத்தமாத்தான் இருக்கு. மஞ்சள்ல இருக்கற குர்குமின் பத்தி 2017-ல அமெரிக்க மருந்து வேதியியல் இதழ் ஒண்ணுல பெரிய அலசல் வந்துச்சு. நிலையில்லாத பொருள், உடம்புல சரியாச் சேராது, 120-க்கு மேல சோதனை நடந்தும் உருப்படியா நிரூபணம் ஆகலன்னு அதுல போட்டு உடைச்சுட்டாங்க. அது பெரும்பாலும் உள்ளுக்குச் சாப்பிடறதைப் பத்தினது. கணுக்காலுக்குப் போடற பத்து வேற கதை.

இதைப் படிச்சுட்டு தம்பி துள்ளிக் குதிச்சான். கொஞ்சம் பொறுடான்னு ஐஸ் சரித்திரத்தையும் எடுத்தேன். ஓய்வு, ஐஸ், இறுக்கிக் கட்டறது, உயரத் தூக்கி வைக்கறது. இந்த நாலோட ஆங்கில முதலெழுத்தைச் சேர்த்து 'ரைஸ்'னு பேர் வச்சவர் கேப் மிர்கின்ங்கற அமெரிக்க டாக்டர், 1978-ல எழுதின விளையாட்டு மருத்துவப் புத்தகத்துல. அதே மனுஷன் 2014-ல, ஐஸும் முழு ஓய்வும் குணமாகறதைத் தாமதப்படுத்தலாம்னு தானே மாத்தி எழுதிட்டார். வீக்கம்ங்கறது உடம்பு தன்னை ரிப்பேர் பண்ணிக்கற வேலையோட ஒரு பகுதி, அதை ஒரேயடியா அமுக்கக் கூடாதாம். 2019-ல பிரிட்டிஷ் விளையாட்டு மருத்துவ இதழ்ல வந்த புதுச் சூத்திரத்துல ஐஸே கிடையாது. ஆரம்ப வலிக்கு ஐஸ் இதமா இருக்கும்ங்கறது மட்டும் நிஜம். நானே கண்டேன்.

ஆக, அம்மாவோட பத்துக்கு வயசு ஜாஸ்தி, நிரூபணம் கம்மி. தம்பியோட ஐஸுக்கு வயசும் கம்மி, அதைப் பிரபலப்படுத்தினவரே கைகழுவிட்டார். மாறாம நிக்கறது காலுக்கு அடியில இருந்த தலையணைதான். அதுக்கு எவனும் பேடண்ட் கேக்கல.

கடைசியில பகல்ல பத்து, ராத்திரி ஐஸ்னு கூட்டணி ஆட்சி நடந்துச்சு. (தோல் கிழிஞ்ச இடத்துல சுண்ணாம்பு வைக்காதீங்க, பொத்துடும்.) பத்து நாள்ல வீக்கம் வத்திடுச்சு, யாரால வத்துச்சுன்னு இன்னும் சண்டை நடக்குது.

தலையணை உறையில மஞ்சள் கறை மட்டும் போகல. சோப்பு போட்டா ஆரத்தித் தண்ணி மாதிரி சிவக்குது, அலசினா திரும்ப மஞ்சளாகுது. வெயில்ல போடு, வெளுத்துடும்னு அம்மா சொல்றாங்க. மொட்டை மாடியில காயுது.