ஒரே பலகையில் இரண்டு சட்டம்

எனக்கு முன் பேசிய தம்பி, நண்பர்களோடு மேசையைச் சுற்றி உட்கார்ந்து பகடை உருட்டிக் கதை வளர்க்கும் ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்ற அமெரிக்க விளையாட்டைப் பற்றிச் சொன்னார். சட்டப் புத்தகத்தின் புதிய பதிப்பு வந்ததும் அவருடைய கூட்டம் இரண்டாக உடைந்து போனதாம். “ஒரு விளையாட்டுக்காகவா இவ்வளவு சண்டை?” என்று அரங்கில் சிலர் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. லுக்குட் பக்கத்துத் தோட்டத்தில் நானே அப்படி ஒரு சண்டையைத் தொடங்கி வைத்தவள்.

என் தாத்தா பால்மரம் வெட்டியவர். ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் கோயில் திண்ணையில் அவரும் ஓய்வுபெற்ற கிராணி ஒருவரும் சதுரங்கம் ஆடுவார்கள். பலகையில் கறுப்பு வெள்ளைக் கட்டங்கள் கிடையாது; வெறும் கோடுகள்தாம். நான் பள்ளிச் சதுரங்கக் கழகத்தில் சேர்ந்து ஒரு மாதம் ஆகியிருக்கும். தாத்தா தம் ராஜாவைக் குதிரை போலத் தாவ வைத்ததைப் பார்த்துவிட்டு, “தாத்தா, அது தப்பு. சட்டத்துல இல்ல” என்றேன்.

“எந்தச் சட்டத்துலம்மா?” என்று கேட்டார்.

மறுவாரம் என்னுடைய சட்டப்படியே அவரோடு ஆடினேன். சிப்பாயை முதல் நகர்த்தலிலேயே இரண்டு கட்டம் தள்ளினேன். காஸ்லிங் செய்து ராஜாவைக் கோட்டைக்குப் பின்னால் ஒளித்தேன். தாத்தா தோற்றார். “நீ ஒரே தடவையில ரெண்டு காயை நகர்த்துற. அது மட்டும் சரியா?” என்று மட்டும் கேட்டார். அதற்கு அன்று என்னிடம் பதில் இல்லை.

தாத்தா ஆடியது தப்பாட்டம் அல்ல, அது இந்தியாவின் பழைய ஆட்டம் என்பது பல ஆண்டுகள் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. ஆங்கிலேய ஆய்வாளர் எச்.ஜே.ஆர். முர்ரே 1913இல் வெளியிட்ட சதுரங்க வரலாற்று நூலில் இந்திய வழக்கங்களை விரிவாகவே எழுதியிருக்கிறார். சிப்பாய் பொதுவாக ஒரு கட்டம்தான் நகரும். காஸ்லிங் கிடையாது, அதற்குப் பதிலாக, ‘செக்’ வாங்காத ராஜா ஒரே ஒருமுறை குதிரைத் தாவல் தாவலாம். கடைசி வரிசையை எட்டிய சிப்பாய் நினைத்த காயாக மாற முடியாது. எந்தக் காயின் வீட்டில் போய் நிற்கிறதோ அந்தக் காயாகத்தான் மாறும். இவையும் ஊருக்கு ஊர் கொஞ்சம் மாறும். ஆட்டம் தொடங்கும் முன்பே வழக்கத்தைப் பேசி முடித்துக்கொள்ள வேண்டும்.

ஐரோப்பியரின் சட்டமும் ஆதியிலிருந்து வந்ததல்ல. இன்று பலகையையே ஆளும் ராணி, ஒரு காலத்தில் குறுக்காக ஒரே ஒரு கட்டம் நகரும் மந்திரியாக இருந்தவர்தான். 15ஆம் நூற்றாண்டின் இறுதியில்தான் அந்தக் காய்க்கு இப்போதைய வேகம் வந்தது. பழைய பழக்கத்தில் இருந்தவர்களுக்கு அது எப்படிப்பட்ட அதிர்ச்சியாக இருந்திருக்கும்! இத்தாலியர்கள் புதிய ஆட்டத்துக்கு ‘வெறிபிடித்த சதுரங்கம்’ என்றே பெயர் வைத்தார்கள். 1497 வாக்கில் ஸ்பெயினின் சலமாங்காவில் லூசேனா என்பவர் அச்சிட்ட நூலில் 150 புதிர்கள் உள்ளன. அவற்றில் சில பழைய சட்டத்துக்கு, சில புதிய சட்டத்துக்கு. வாசகர்கள் இரண்டு கட்சியாக இருந்ததால் ஆசிரியர் இரண்டு கட்சிக்கும் எழுதினார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. பிறகு மேற்கு ஐரோப்பாவில் பழைய ஆட்டம் வெகு சீக்கிரம் மறைந்தது. இத்தாலியர்கள் மட்டும் காஸ்லிங்குக்குத் தங்கள் தனி வழக்கத்தை 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி வரை விடாமல் வைத்திருந்தார்கள்.

இந்தியாவிலோ புதிய சட்டம் அச்சுப் புத்தகத்தின் துணையோடு வந்தது. 1814இல் பம்பாயில் திருவேங்கடாசாரிய சாஸ்திரி என்ற பண்டிதரின் சதுரங்க நூல் ஆங்கிலத்தில் வெளியானது. சமஸ்கிருத மூலத்திலிருந்து பெயர்த்த ஆட்ட நிலைகள் அவை. ஆனால் நூலின் தலைப்பிலேயே ‘ஐரோப்பிய ஆட்டமுறைக்கு ஏற்பத் தழுவியது’ என்று போட்டிருக்கிறது. 1829இல் சென்னையில் குலாம் காசிம் என்பவர் ஜேம்ஸ் காக்ரேனோடு சேர்ந்து, சென்னைக்கும் ஹைதராபாத்துக்கும் நடந்த ஆட்டங்களைப் பற்றி எழுதிய நூலும் ஐரோப்பிய ஆட்டத்தைச் சேர்ந்ததுதான். திண்ணையில் ஆடிய சட்டம் வாய்மொழியாகவே இருந்தது. அச்சேறிய சட்டம் ‘சரி’ ஆனது. அச்சேறாதது ‘தப்பு’ ஆனது. பன்னிரண்டு வயதில் நான் தாத்தாவுக்குச் சொன்ன தீர்ப்பு அந்த அச்சுக் கூடங்களில் எழுதப்பட்டதுதான்.

ஆனால் பழைய ஆட்டம் சும்மா போகவில்லை. 1850 வாக்கில் கல்கத்தாவில் மகேஷ் சந்திர பானர்ஜி என்ற வங்காளி, ஜான் காக்ரேன் என்ற வழக்கறிஞரோடு நூற்றுக்கணக்கான ஆட்டங்கள் ஆடினார். ஆடியது ஐரோப்பியச் சட்டப்படி. கையோ இந்தியக் கை. சிப்பாய்களை ஒவ்வொரு கட்டமாக நகர்த்தி, மூலையிலிருந்து நடுப்பலகையைத் தாக்குவார். இன்று உலகப் போட்டிகளில் ஆடப்படும் ‘கிங்ஸ் இண்டியன்’ போன்ற தற்காப்புகளின் பெயரில் ‘இண்டியன்’ ஒட்டிக்கொண்டிருப்பது அந்த ஆட்டங்களால்தான் என்பார்கள்.

பஞ்சாபின் மீர் சுல்தான் கான் கதை இன்னும் வியப்பானது. அப்பாவிடம் இந்திய ஆட்டம் கற்றவர். 1926 வாக்கில் சர் உமர் ஹயாத் கானின் ஆதரவில் ஐரோப்பியச் சட்டத்தைக் கற்றார். 1929இல் லண்டனுக்குப் போய் அதே ஆண்டு பிரிட்டிஷ் சாம்பியன் ஆனார். 1932, 1933 ஆண்டுகளிலும் அவரே சாம்பியன். 1930-31 ஹேஸ்டிங்ஸ் போட்டியில் முன்னாள் உலக சாம்பியன் கபபிளாங்காவையே வீழ்த்தினார். ஆட்டத் தொடக்கத்தில் தடுமாறுவார், முடிவில் மலை போல் நிற்பார் என்று சொல்வதுண்டு. நிதானமான பழைய ஆட்டத்தில் வளர்ந்தவருக்கு அது இயல்புதானே! 1966இல் அவர் மறைந்தார். உலகச் சதுரங்கச் சம்மேளனம் அவருக்குக் கௌரவ கிராண்ட்மாஸ்டர் பட்டம் வழங்கியது 2024இல்.

1951இல் அகில இந்திய சதுரங்கச் சம்மேளனம் தோன்றிய பிறகும் 1960கள் வரை பல ஊர்களில் பழைய வழக்கம் நீடித்தது. 1961இல் இந்தியாவின் முதல் சர்வதேச மாஸ்டரான மானுவல் ஆரோன், சர்வதேச முறையைப் பரப்பப் பெரிதும் உழைத்தார். அந்த உழைப்பு இல்லாமல் 1988இல் விஸ்வநாதன் ஆனந்த் கிராண்ட்மாஸ்டர் ஆகியிருப்பாரா? ஆகவே புதிய சட்டத்தை நான் குறை சொல்ல வரவில்லை.

நம் நாட்டிலும் ஒரு தடயம் உண்டு. மலாய் சாத்தோரில் யானைக் கோட்டைக்கு ‘தீர்’ என்று பெயர். அது நம்முடைய ‘தேர்’தான் என்பது அகராதி அறிஞர்கள் கருத்து. மலாயில் ராணி இன்றும் ‘மந்திரி’; குறுக்கே ஓடும் பிஷப் ‘காஜா’, அதாவது யானை. தமிழ்நாட்டிலோ யானை நேரே ஓடும், மந்திரி குறுக்கே ஓடுவார்! பெயர்கள்கூட ஒரு பதிப்பில் நிற்கவில்லை.

தம்பி சொன்ன விளையாட்டுக்கு வருகிறேன். 1974இல் வெளியான அது, 2000இல் மூன்றாம் பதிப்பும் 2008இல் நான்காம் பதிப்பும் கண்டது. நான்காவதில் ஆட்டமே மாறிவிட்டது என்று ஒரு பெரிய கூட்டம் பிரிந்தது. மூன்றாம் பதிப்பின் சட்டங்களை மற்றவர்களும் பயன்படுத்த உரிமம் இருந்ததால், 2009இல் வேறொரு நிறுவனம் ‘பாத்ஃபைண்டர்’ என்ற பெயரில் அவற்றைத் தொடர்ந்தது. பிடிக்காதவர்களுக்குப் போக ஓர் இடம் இருந்தது; கையில் பழைய புத்தகமும் இருந்தது. தாத்தாவிடம் புத்தகம் இல்லை. அவரிடம் இருந்தது ஒரு கிராணி.

ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, ஆட்களும் குறைந்தார்கள். கிராணி ஐயா மகனோடு சிரம்பானுக்குக் குடிபோனார். அதன் பிறகு தாத்தா யாரோடும் ஆடவில்லை. என்னோடு ஆடச் சொல்லிக் கேட்டபோது, “உன் சட்டம் எனக்கு வராதும்மா” என்றார். அவருடைய சட்டத்தில் ஆடுகிறேன் என்று சொல்ல அந்த வயதில் எனக்குத் தோன்றவில்லை.

அந்தப் பலகை இப்போது என் வீட்டில் இருக்கிறது. காய்களில் ஒரு தேர் குறைகிறது. அதற்குப் பதிலாக இரண்டு கிழவர்களும் ஒரு சோடா மூடியை வைத்து ஆடியிருக்கிறார்கள்.