இரத்தப் புற்றுநோய் வகைகளும் சென்னையும்

இரத்தப் புற்றுநோய் (லுகேமியா) எலும்பு மஜ்ஜையில் தோன்றும் நோயாகும். வெள்ளையணுக்கள் முறையின்றிப் பெருகி, மற்ற இரத்த அணுக்கள் உருவாவதைத் தடுக்கின்றன. சோகை, அடிக்கடி காய்ச்சல், இரத்தக்கசிவு ஆகியன இதனால் உண்டாகின்றன. இது ஒரே நோயன்று. வகைக்கேற்ப மருத்துவமும் மாறும். இரு வகைகளின் மருத்துவ வரலாறு சென்னையோடு தொடர்புடையது.

வகைகள் அறியப்பட்ட விதம்

1845இல் எடின்பரோவில் பென்னட்டும் பெர்லினில் விர்ச்சோவும் இந்நோயைத் தனித்தனியே விவரித்தனர். 'வெள்ளை இரத்தம்' எனப் பொருள்படும் கிரேக்கச் சொற்களைக் கொண்டு 1847இல் விர்ச்சோ இதற்குப் பெயரிட்டார். பின்னர், துணிகளுக்குப் பயன்பட்ட அனிலின் சாயங்களால் இரத்த அணுக்களுக்கு நிறமேற்றி, அவற்றைப் பிரித்தறியும் முறையை பால் எர்லிக் வகுத்தார். குமாரபாளையம் போன்ற சாயத்தொழில் ஊர்களுக்குப் பழக்கமான சாயமே மருத்துவத்துக்கும் கண் திறந்தது.

இன்று நான்கு முதன்மை வகைகள் கூறப்படுகின்றன. விரைவாக முற்றுவது 'கடிய' வகை. மெதுவாக வளர்வது 'நாட்பட்ட' வகை. இவ்விரண்டும் அணுவின் மரபைப் பொறுத்து நிணநீரணு வகை, மைலாய்டு வகை எனப் பிரியும். கடிய நிணநீரணு வகை குழந்தைகளிடமும், நாட்பட்ட நிணநீரணு வகை முதியோரிடமும் மிகுதி. மைலாய்டு வகைகள் இரண்டும் பெரும்பாலும் பெரியவர்களுக்கு வருபவை.

சுப்பாராவின் பங்கு

பீமவரத்தில் 1895இல் பிறந்த எல்லாப்பிரகடா சுப்பாராவ் சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்றவர். கதர் உடை அணிந்ததால் ஆங்கிலேயப் பேராசிரியரின் அதிருப்திக்கு ஆளாகி, எம்.பி.பி.எஸ். பட்டத்துக்குப் பதில் எல்.எம்.எஸ். பட்டமே பெற்றார். 1923இல் அமெரிக்கா சென்றார். லெடர்லி ஆய்வகத்தில் அவரது குழு ஃபோலிக் அமிலத்தைத் தடுக்கும் அமினோப்டெரினை உருவாக்கியது. சிட்னி ஃபார்பர் அதனைக் கடிய வகை நோயுற்ற 16 குழந்தைகளுக்குக் கொடுத்தார். 10 பேரிடம் தற்காலிக முன்னேற்றம் தெரிந்தது. 1948 ஜூனில் இம்முடிவு வெளியானது. ஆகஸ்டில் சுப்பாராவ் மறைந்தார். அதே வழியில் வந்த மெத்தோட்ரெக்சேட் இன்றும் கடிய நிணநீரணு வகைக்குப் பயன்படுகிறது.

இமாட்டினிப் வழக்கு

நாட்பட்ட மைலாய்டு வகைக்குக் காரணமான 'ஃபிலடெல்ஃபியா குரோமோசோம்' 1960இல் கண்டறியப்பட்டது. அதன் விளைவைத் தடுக்கும் இமாட்டினிப் மாத்திரைக்கு 2001இல் அமெரிக்கா அனுமதி தந்தது. இம்மருந்தின் ஒரு வடிவத்துக்கு நோவார்ட்டிஸ் நிறுவனம் 1998இல் சென்னைக் காப்புரிமை அலுவலகத்தில் விண்ணப்பித்திருந்தது. 2006இல் அது நிராகரிக்கப்பட்டது. காப்புரிமைச் சட்டத்தின் 3(ஈ) பிரிவை எதிர்த்த மனுவை 2007இல் சென்னை உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றமும் காப்புரிமையை மறுத்தது.

வழக்குக் காலத்தில் நிறுவன மருந்துக்கு மாதம் சுமார் 1,20,000 ரூபாயும், இந்தியத் தயாரிப்புக்குச் சுமார் 10,000 ரூபாயும் ஆனதாகக் கூறப்பட்டது. நீண்டகாலம் உட்கொள்ள வேண்டிய மாத்திரை இது. விசைத்தறிக் கூலியை நம்பிய குடும்பத்துக்கு இவ்விலை வேறுபாடு உயிர் வேறுபாடே ஆகும்.