முத்திரையும் சாட்சியும்

கடிதம் எழுதுகிறவனுக்கு இரண்டு பயங்கள் உண்டு. வழியில் யாராவது பிரித்துப் படித்துவிடுவார்களோ என்பது ஒன்று. உரியவர் கையில் சேராமல், அவரைப்போல் நடிக்கும் வேறொருவர் கையில் சேர்ந்துவிடுமோ என்பது மற்றொன்று. கதை எழுதுகிறவர்களாகிய நாங்கள் இந்த இரண்டு பயங்களையும் வைத்து வெகு காலம் பிழைப்பு நடத்தியிருக்கிறோம். திருடப்பட்ட ஓலையும் மாறுவேஷம் போட்ட தூதனும் இல்லாவிட்டால், பாதிச் சரித்திர நாவல்கள் முதல் அத்தியாயத்திலேயே சுபமாக முடிந்துபோயிருக்கும்!

இன்று நாம் எழுதுவதெல்லாம் ஓலையிலும் இல்லை, தபால் உறையிலும் இல்லை. பாங்கிக் கணக்கு, டாக்டர் சொன்ன வியாதி, பெண்ணுக்குப் பார்த்திருக்கும் வரன், அரசாங்கத்தின்மேல் நமக்குள்ள மனத்தாங்கல் எல்லாம் இணையத்தின் வழியாகவே போகின்றன. பழைய பயங்கள் மட்டும் மாறவில்லை. அவற்றை வெல்ல மனிதர்கள் பட்ட பாடு ஒரு சரித்திரம். முதல் பயத்தை வென்ற கதை பெருமைப்படத் தக்கது. இரண்டாவது பயத்தின் கதை அவ்வளவு சுலபமாக முடியவில்லை.

1989-ஆம் ஆண்டில், ஜினீவா நகருக்கு அருகிலுள்ள செர்ன் என்னும் அணுத்துகள் ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை பார்த்த டிம் பெர்னர்ஸ்-லீ என்ற ஆங்கிலேயர் ஒரு திட்டம் எழுதிக் கொடுத்தார். ஆராய்ச்சியாளர்களின் ஏடுகள் வெவ்வேறு கம்ப்யூட்டர்களில் சிதறிக் கிடந்தன. அவற்றையெல்லாம் வலைபோல் பின்னி, எங்கிருந்தும் எதையும் படிக்கலாம் என்பது அவருடைய யோசனை. இரண்டு கம்ப்யூட்டர்கள் பேசிக்கொள்ள ஒரு மரியாதை முறை வேண்டும் அல்லவா? அதற்கு எச்.டி.டி.பி. என்று பெயர். ஆரம்பத்தில் அது வெகு எளிமையாக இருந்தது. கேட்பவன் ஒரே வரியில், "இந்தப் பக்கத்தைக் கொடு" என்பான். கொடுப்பவன் கொடுத்துவிட்டு, கேட்டவன் முகத்தையே மறந்துவிடுவான். 1993 ஏப்ரல் 30-ல் செர்ன் இந்த வலையை விலையில்லாமல் உலகத்துக்கே கொடுத்துவிட்டது.

ஆனால் அந்தப் பேச்சு முழுவதும் திறந்த தபால் கார்டு. நம் வீட்டிலிருந்து புறப்படும் ஒவ்வொரு வார்த்தையும் ஊர் பேர் தெரியாத பல இயந்திரங்களின் கை மாறித்தான் போய்ச் சேர்கிறது. நடுவில் இருப்பவர் யாரும் படிக்கலாம், மாற்றி எழுதவும் செய்யலாம். ஆராய்ச்சி ஏடுகளை அனுப்பும்வரையில் இதைப்பற்றி யாரும் கவலைப்படவில்லை. வலைக்குள் வியாபாரம் நுழைந்ததும் கவலையும் கூடவே நுழைந்தது. நெட்ஸ்கேப் என்ற அமெரிக்கக் கம்பெனி, தபால் கார்டை உறைக்குள் போட்டு மூடும் எஸ்.எஸ்.எல். என்ற முறையை 1995-ல் வெளியிட்டது. 1999-ல் அது டி.எல்.எஸ். என்று புதுப்பெயர் பெற்றது. எச்.டி.டி.பி. என்பதன் வாலில் எஸ். என்ற எழுத்து ஒட்டிக்கொண்டிருந்தால், கடிதம் உறைக்குள் போகிறது என்று அர்த்தம்.

உறையைப் பூட்டலாம், சரி. சாவியை எப்படி அனுப்புவது? முன்பின் பார்த்திராத இருவர், ஒட்டுக்கேட்கிறவன் எதிரிலேயே பேசி, அவனுக்குத் தெரியாத ரகசியம் ஒன்றை ஏற்படுத்திக்கொள்ள முடியுமா? முடியாது என்றுதான் பல நூற்றாண்டுகளாக ரகசிய எழுத்துக்காரர்கள் நினைத்திருந்தார்கள். 1976-ல் விட்ஃபீல்டு டிஃபி, மார்ட்டின் ஹெல்மன் என்ற இரண்டு அமெரிக்கர்கள் முடியும் என்று காட்டினார்கள். அடுத்த ஆண்டு ரிவெஸ்ட், ஷமீர், ஆடில்மன் என்ற மூவர் வேறொரு வழி கண்டார்கள். பூட்டையும் சாவியையும் பிரித்துவிடுவதே இதன் தந்திரம். திறந்த பூட்டுகளை ஊரெல்லாம் இறைத்துவிடலாம்; யார் வேண்டுமானாலும் அழுத்திப் பூட்டலாம். திறக்கும் சாவி மட்டும் சொந்தக்காரன் மடியை விட்டு நகராது.

இந்தப் பூட்டு வெறும் எண் கணக்கு. 53-ஐ 61-ஆல் பெருக்கினால் 3,233 என்று பள்ளிக்கூடப் பிள்ளை சொல்லிவிடும். ஆனால் 3,233-ஐக் கொடுத்து, "எந்த இரண்டு எண்களைப் பெருக்கினால் இது வரும்?" என்று கேட்டால் பிள்ளை விழிக்கும். எண் பெரிதாகப் பெரிதாகக் கம்ப்யூட்டரும் விழிக்கும். 1977-ல் அந்த மூவரும் 129 இலக்கமுள்ள ஓர் எண்ணைப் பந்தயமாக வைத்தார்கள். அதைப் பிரிக்க 1994-வரை ஆயிற்று. சுமார் 600 தொண்டர்கள் தங்கள் கம்ப்யூட்டர்களைச் சேர்த்து உழைக்க வேண்டியிருந்தது. இன்று அந்த மூவர் முறையில் சாதாரணமாக உபயோகப்படும் எண்ணுக்கு 617 இலக்கங்கள்.

இதில் உருக்கமான கிளைக்கதை ஒன்றும் உண்டு. இதே உண்மையை, பிரிட்டிஷ் அரசாங்கத்தின் ரகசியச் செய்தி இலாகாவில் வேலை பார்த்த ஜேம்ஸ் எல்லிஸ் 1970-லேயே கண்டுவிட்டார். அதே இலாகாவில் புதிதாகச் சேர்ந்த கிளிஃபர்டு காக்ஸ் என்ற இளைஞர் 1973-ல் அதற்குக் கணக்கும் போட்டுக் கொடுத்தார். எல்லாம் அலமாரிக்குள் பூட்டப்பட்டது. உலகம் வேறு சிலரைப் புகழ்ந்தபோது இவர்கள் வாய் திறக்கவில்லை. 1997 டிசம்பரில்தான் அந்த இலாகா உண்மையை வெளியிட்டது. அதற்குச் சில வாரங்களுக்கு முன்பே, நவம்பரில், எல்லிஸ் கண்ணை மூடிவிட்டார்.

முதல் பயம் இவ்வாறு தீர்ந்தது. இரண்டாவது பயம்? உறையை எவ்வளவு இறுக மூடினாலும், அதைத் திருடன் கையிலேயே கொண்டுபோய்க் கொடுத்தால் என்ன பிரயோஜனம்? அசோகவனத்தில் சீதைக்கு வந்த சந்தேகம் இதுதான். சன்னியாசி வேஷத்தில் வந்தவனால் ஒரு தடவை ஏமாந்தவள், அனுமன் இனிமையாகப் பேசினான் என்பதற்காக நம்பிவிடுவாளா? இராமனுடைய கணையாழியைக் கண்ட பிறகுதான் அவள் மனம் ஆறியது.

வலைக்குள்ளும் அப்படியொரு கணையாழி உண்டு. அதற்குச் சான்றிதழ் என்று பெயர். "இந்தப் பூட்டு இன்ன தளத்துக்குச் சொந்தம்" என்று சான்றளிக்கும் கம்பெனி ஒன்று தன் முத்திரையை வைக்கிறது. நமது பிரௌஸர், தான் நம்பக்கூடிய நூற்றுக்கு மேற்பட்ட முத்திரைகளின் ஜாபிதாவை வைத்துக்கொண்டு ஒப்பிட்டுப் பார்க்கிறது. பத்திரத்துக்குச் சாட்சிக் கையெழுத்து மாதிரி. ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு: இந்த ஜாபிதாவில் உள்ள எந்தச் சாட்சியும், உலகத்தில் எந்தத் தளத்துக்கும் சாட்சி சொல்லலாம். ஆகவே நூறு சாட்சிகளில் ஒருவன் கெட்டுப்போனாலும் ஆபத்து எல்லோருக்கும்தான். அது வெறும் கற்பனை இல்லை என்பது 2011-ல் தெரிந்தது.

நெதர்லாந்தில் பேவர்வைக் என்ற ஊரில் டிஜிநோட்டார் என்ற சான்றளிக்கும் கம்பெனி இருந்தது. பெயரிலேயே நோட்டரி! டச்சு அரசாங்கத்தின் பல இலாகாக்கள் அதன் முத்திரையை நம்பி நடந்தன. 2011 ஜூனில் யாரோ அதன் கம்ப்யூட்டர்களுக்குள் புகுந்தார்கள். பின்னால் விசாரித்தவர்கள், கடவுச்சொல் பலவீனமானது என்றும், அங்கே வைரஸ் தடுப்புக்கூட இல்லை என்றும் எழுதினார்கள். உலகத்துக்கே பூட்டுக்குச் சாட்சி சொன்னவன் தன் வீட்டுக் கதவைச் சரியாகச் சாத்தவில்லை. திருடர்கள் 531 போலிச் சான்றிதழ்களை அச்சடித்துக்கொண்டார்கள். ஜூலை 10-ஆம் தேதி பிறந்த ஒன்றில் கூகிளின் பெயர் இருந்தது.

ஜூலை 19-ல் கம்பெனி விஷயத்தைக் கண்டுகொண்டது. கண்ணில் பட்ட போலிகளை ரத்துச் செய்தது. கூகிளின் பெயரிலிருந்தது கண்ணில் படாமல் தப்பியது. வெளியே ஒருவரிடமும் மூச்சு விடவில்லை. சுமார் 40 நாள் மௌனம்!

அந்த 40 நாட்களில் என்ன நடந்தது? ஈரான் நாட்டில் கூகிளின் தபாலைத் திறந்தவர்களுக்கும் கூகிளுக்கும் நடுவே யாரோ நின்றுகொண்டார்கள். "நான்தான் கூகிள்" என்று போலிக் கணையாழியை நீட்டினார்கள். பிரௌஸர்கள் வணங்கி வழி விட்டன. பூட்டு பூட்டியே இருந்தது. ஆனால் சாவி திருடன் மடியில். ஏறக்குறைய 3,00,000 இணைய முகவரிகளில் அந்தப் போலிச் சான்றிதழ் தென்பட்டது. அவற்றில் 100-க்கு 99 ஈரானைச் சேர்ந்தவை. 2009 தேர்தலுக்குப் பின் தெருவில் இறங்கிக் குரல் கொடுத்தவர்களை அரசாங்கம் அடித்துச் சிறையில் தள்ளிய தேசம் அது. அங்கே ஒரு பெண் வெளிநாட்டிலுள்ள தமையனுக்கு எழுதும் கடிதத்தில், கூட்டத்துக்கு வந்த சிநேகிதிகளின் பெயர்கள் இருக்கலாம். பத்திரமான உறை என்று நம்பித்தான் அவள் அந்தப் பெயர்களை எழுதியிருப்பாள். திறந்த தபால் கார்டு என்று தெரிந்திருந்தால் எழுதியிருக்கவே மாட்டாள். இதை நினைக்கும்போதுதான் எனக்கு அந்த மௌனம் பொறுக்கவில்லை.

குட்டை உடைத்தது கூகிளின் குரோம் என்ற பிரௌஸர். கூகிள் தளங்களுக்கு இன்னின்ன சாட்சிகள்தாம் பேசலாம் என்பதைச் சில மாதங்களுக்கு முன்புதான் அதற்கு மனப்பாடம் செய்வித்திருந்தார்கள். டிஜிநோட்டாரின் முத்திரையைக் கண்டதும் அது எச்சரித்தது. ஆகஸ்டு கடைசியில் ஈரானியர் ஒருவர் அந்த எச்சரிக்கையைப் பற்றிப் பகிரங்கமாகக் கேள்வி எழுப்பினார். அவ்வளவுதான், மூட்டை அவிழ்ந்தது. பிரௌஸர்கள் டிஜிநோட்டாரைத் தங்கள் ஜாபிதாவிலிருந்து நீக்கின. செப்டம்பர் 3-ஆம் தேதி நள்ளிரவு கடந்து, டச்சு உள்நாட்டு மந்திரி பத்திரிகையாளர்களைக் கூட்டி, அரசாங்கம் இனி அந்த முத்திரையை நம்பவில்லை என்றார். செப்டம்பர் 20-ல் கம்பெனி திவாலாயிற்று.

இதிலிருந்து உலகம் பாடம் படித்தது. சாட்சிகள் தனி அறையில் சொல்லும் சாட்சியம் செல்லாது. ஊர் நடுவே, அழிக்க முடியாத பொதுப் பேரேட்டில் எழுதி வைக்க வேண்டும் என்ற ஏற்பாட்டை 2013-ல் கூகிளைச் சேர்ந்தவர்கள் வெளியிட்டார்கள். அதில் சேர்க்கலாம், அடிக்க முடியாது. தன் பெயரில் யாராவது சான்றிதழ் வாங்கியிருக்கிறார்களா என்று எவரும் புரட்டிப் பார்க்கலாம். இதன் தேவையை நம் தேசமும் நிரூபித்தது: 2014 ஜூலையில், இந்தியாவின் தேசியத் தகவலியல் மையத்துச் சான்றளிக்கும் பிரிவிலிருந்து கூகிள் பெயரில் போலிச் சான்றிதழ்கள் வந்தது வெளிப்பட்டது. 2018 முதல், புதிய சான்றிதழ் பேரேட்டில் ஏறியிராவிட்டால் குரோம் அதை ஏற்பதில்லை. இதற்கிடையில் 2015-ல் தொடங்கிய லெட்ஸ் என்கிரிப்ட் என்ற அமைப்பு சான்றிதழை இலவசமாகவே வழங்கியதால், ஏழைத் தளத்துக்கும் உறை கிடைத்தது.

உறை எல்லோருக்கும் கிடைத்ததில் ஒரு வேடிக்கையும் நேர்ந்தது. திருடனும் தன் சொந்தப் பெயருக்குச் சான்றிதழ் வாங்கலாம் அல்லவா? சின்னப் பூட்டுப் படம் சொல்வதெல்லாம், வழி பத்திரம், பெயர் மெய் என்பதுதான். பெயருக்குரியவன் யோக்கியன் என்று அது சொல்லவே இல்லை. 2021-ல் கூகிள் விசாரித்தபோது, 100-க்கு 11 பேர்தான் பூட்டின் சரியான அர்த்தத்தை அறிந்திருந்தார்கள். 2023-ல் குரோம் அந்தப் படத்தையே எடுத்துவிட்டது.

617 இலக்க எண்ணை உடைக்க முடியாமல் திருடர்கள் தோற்றார்கள். ஒரு கம்பெனியின் கடவுச்சொல்லை உடைத்து ஜெயித்தார்கள். கணித சாஸ்திரம் தன் காரியத்தை ஒழுங்காகச் செய்தது. மனிதன்தான் சறுக்கினான். சறுக்குவது மனித இயல்பு, அதை மன்னிக்கலாம். ஆனால் சாட்சியாக நிற்க ஒப்புக்கொண்டவன், தன் முத்திரை களவு போனது தெரிந்த அந்த நிமிஷமே தெருவுக்கு வந்து கூவியிருக்க வேண்டும். அவன் மானம் போகும், வியாபாரம் போகும். போகட்டுமே! அவனை நம்பிக் கடிதம் எழுதுகிறவர்களின் உயிர் அதைவிடப் பெரிதல்லவா?