எந்தச் செலவுக்குச் சமநிலை? ட்ரைஸ்டாரும் ஏ380-உம்

1971 ஆகஸ்ட் 2 அன்று அமெரிக்க செனட் ஒரே ஒரு வாக்கு வித்தியாசத்தில், 49-க்கு 48 என்று, லாக்ஹீட் நிறுவனத்தைக் காப்பாற்றியது. வங்கிகள் தரவிருந்த 25 கோடி டாலர் கடனுக்கு அரசு பிணை நிற்கும் என்பதே மசோதாவின் சாரம். பிரதிநிதிகள் சபையிலும் இழுபறிதான்: 192-க்கு 189. வாக்கெடுப்புக்கு முன் நடந்த விசாரணைகளில் ஓர் எண் அடிபட்டது. 195 முதல் 205 ட்ரைஸ்டார் பயணிகள் விமானங்கள் விற்றால் லாபமும் இல்லை, நட்டமும் இல்லை என்ற நிலையை எட்டிவிடலாம் என்றது நிறுவனம். அப்போது கையில் இருந்தவை 103 உறுதியான ஆர்டர்கள். பிறகு வாங்கிக்கொள்ளும் உரிமையோடு பதிவாகியிருந்தவை 75. இரண்டையும் கூட்டினால் 178. இலக்கு தொட்டுவிடும் தூரத்தில் இருப்பதாகத் தோன்றியது.

பிறகு நடந்ததுதான் வேடிக்கை. 1984-இல் உற்பத்தி முற்றுப்பெற்றபோது 250 ட்ரைஸ்டார்கள் கட்டப்பட்டிருந்தன. சொன்ன இலக்கைத் தாண்டி சுமார் ஐம்பது விமானங்கள் விற்ற பின்னும் அந்தத் திட்டம் பெரும் நட்டத்தில்தான் முடிந்தது. நட்டம் ஏறத்தாழ 250 கோடி டாலர் என்று பரவலாக மதிப்பிடப்படுகிறது. பயணிகள் விமானத் தொழிலிலிருந்தே லாக்ஹீட் விலகிக்கொண்டது.

இலக்கைத் தாண்டியும் நட்டம் என்றால் பிழை எங்கே? வணிகவியல் பாடநூல் தரும் சூத்திரம் எளிது. ஒரு பொருளின் விலையிலிருந்து அதற்கான மாறும் செலவைக் கழித்தால் கிடைப்பது பங்களிப்பு. நிலையான செலவை அதனால் வகுத்தால் சமநிலைப் புள்ளி. வரைபடத்தில் இரண்டு நேர்கோடுகள் ஓரிடத்தில் வெட்டிக்கொள்ளும், கணக்கு முடிந்துவிடும். இந்தச் சூத்திரத்தில் குற்றமில்லை. அதற்குள் எந்தச் செலவை நுழைய விடுகிறோம், எதை வாசலிலேயே நிறுத்துகிறோம் என்பதில்தான் வழக்கு இருக்கிறது.

ட்ரைஸ்டார் விஷயத்தில் அந்த வழக்கைத் தொடுத்தவர் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகப் பொருளியலாளர் ஊவே ரைன்ஹார்ட். மருத்துவப் பொருளாதாரத்தில் பின்னாளில் பெரும் பெயர் பெற்ற அவர், 1973-இல் 'ஜர்னல் ஆஃப் ஃபைனான்ஸ்' இதழில் லாக்ஹீடின் கணக்கைப் பிரித்துப் போட்டார். அவர் முதலில் கைவைத்தது மூலதனத்தின் விலையில். விமானத்தை உருவாக்கும் பணி 1968-இல் தொடங்கியது. முதல் விமானம் வாடிக்கையாளருக்குச் சேவையில் இறங்கியது 1972-இல். விற்பனை வருவாய் அதன் பிறகு பல ஆண்டுகளுக்குப் பரவிக் கிடந்தது. இன்று போடும் 100 டாலருக்கு ஆண்டுக்கு 10 சதவீதம் எதிர்பார்க்கிற முதலீட்டாளருக்கு ஐந்தாம் ஆண்டு முடிவில் 161 டாலரும் பத்தாம் ஆண்டு முடிவில் 259 டாலரும் திரும்ப வேண்டும். வெறும் 100 டாலர் திரும்பி வந்தால் கணக்குப் புத்தகத்தில் அது சமநிலை; முதலீட்டாளருக்கோ நட்டம். இந்த விலையையும் சேர்த்தால் ட்ரைஸ்டாரின் சமநிலைப் புள்ளி 200-ஐச் சுற்றி நிற்காது. லாக்ஹீட் பெரும் நம்பிக்கையோடு மதிப்பிட்ட சந்தையையும் அது தாண்டிப் போகும். அந்த மதிப்பீடு என்ன? உலகச் சந்தையில் 775 விமானங்கள், அவற்றில் 35 முதல் 40 சதவீதம், அதாவது 270 முதல் 310 வரை.

இரண்டாவது சிக்கல் நேர்கோடு. விமானத் தொழிலில் மாறும் செலவு ஒரே அளவில் நிற்பதில்லை. மொத்த உற்பத்தி இரட்டிப்பாகும்போதெல்லாம் ஒரு விமானத்துக்கான உழைப்புச் செலவு ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைகிறது என்று விமானப் பொறியாளர் டி. பி. ரைட் 1936-லேயே காட்டியிருந்தார். முதல் சில விமானங்கள் விற்கும் விலையை விடக் கூடுதல் செலவில் உருவாகும். அவற்றின் பங்களிப்பு எதிர்மறையாக இருக்கும். தொழிலாளர் கை பழகப் பழகத்தான் லாபம் தலைகாட்டும். ஆகவே சமநிலைப் புள்ளியைச் சொல்பவர் அந்தப் பழக்கம் எவ்வளவு வேகமாக வரும் என்பதையும் சேர்த்தே ஊகிக்கிறார். அந்த ஊகத்தில் சின்னச் சறுக்கல் நேர்ந்தால் கூட இறுதி எண் பல பத்து விமானங்கள் நகர்ந்துவிடும்.

விலையும் நிலையானதல்ல. ஏறத்தாழ அதே அளவில், அதே பயணத் தடங்களுக்கு மெக்டொனல் டக்ளஸ் டிசி-10 விமானத்தைக் களத்தில் இறக்கியிருந்தது. அது 1971-லேயே சேவைக்கும் வந்துவிட்டது. எஞ்சின் தரவேண்டிய ரோல்ஸ்-ராய்ஸ் 1971 பிப்ரவரியில் திவாலானதால் ட்ரைஸ்டார் மேலும் பின்தங்கியது. போட்டியாளர் முந்திக்கொண்ட சந்தையில் விலையைக் குறைக்காமல் எண்ணிக்கையைக் கூட்ட முடியாது. விலையைக் குறைத்தால் பங்களிப்பு சுருங்கி, தேவையான எண்ணிக்கை மேலும் ஏறும். இந்தச் சுழல் பாடநூல் வரைபடத்தில் தெரியாது.

நியாயமாக ஒன்றைச் சொல்லியாக வேண்டும். 1971-இல் செனட்டின் முன் இருந்தது, தொடங்கலாமா என்ற கேள்வி அல்ல; தொடரலாமா என்பது. உருவாக்கத்துக்குச் செலவழித்த பணம் அதற்குள் போய்விட்டிருந்தது. தொழிலை நிறுத்தினாலும் அது திரும்பாது. அந்த நிலையில் பார்க்க வேண்டியது இனிமேல் கட்டப்போகும் விமானங்கள் இனிமேல் ஆகும் செலவுக்கு மேல் ஏதாவது மிச்சம் வைக்குமா என்பதை மட்டுமே. கடனும் பின்னாளில் அடைக்கப்பட்டது. பிணை நின்ற அரசுக்கு இழப்பில்லை. ஆகையால் 1971-இன் முடிவை முட்டாள்தனம் என்று ஒதுக்கிவிட முடியாது. தவறு 1968-இல் நிகழ்ந்தது. முதலீட்டுக்கு முன் கேட்கவேண்டிய கேள்விக்கு ஓர் எண்ணும், முதலீட்டுக்குப் பின் கேட்கவேண்டியதற்கு வேறோர் எண்ணும் தேவை. ஒரே எண்ணை இரண்டுக்கும் பயன்படுத்தியதால் விசாரணை முழுவதும் குழம்பிப் போனது.

ஏர்பஸ் இதிலிருந்து பாடம் கற்றிருக்கலாம். 2000 டிசம்பரில் அதன் ஏ380 பயணிகள் விமானத் திட்டம் தொடங்கியபோது சமநிலைப் புள்ளி சுமார் 250 என்று சொல்லப்பட்டது. 2005-இல் அது 270 ஆனது. ஹாம்பர்க்கிலும் துலூஸிலும் வடிவமைப்பாளர்கள் ஒரே மென்பொருளின் வெவ்வேறு பதிப்புகளைப் பயன்படுத்தியதால் மின்கம்பி இணைப்புகள் பொருந்தாமல் போயின. விநியோகம் ஏறத்தாழ இரண்டு ஆண்டு தள்ளிப்போனது. 2006 அக்டோபரில் எண் 420-க்குத் தாவியது.

2015-இல் 27 விமானங்களை ஒப்படைத்த ஏர்பஸ், ஏ380 அந்த ஆண்டுக்குச் சமநிலையை எட்டியதாக அறிவித்தது. கேட்பவருக்கு நல்ல செய்திதான். ஆனால் அந்தச் சமநிலை அந்த ஆண்டின் உற்பத்திச் செலவுக்கு மட்டும் உரியது. உருவாக்கச் செலவு அந்தக் கணக்கில் இல்லை. அடுத்த ஆண்டு ஆர்டர்கள் வற்றத் தொடங்கியதும், நிலையான செலவைக் குறைத்து, 2017-இல் 20 விமானங்களிலேயே சமநிலை காண முயல்வதாக நிறுவனம் சொன்னது. இந்த ஓர் இடத்தில் சமநிலைப் பகுப்பாய்வு தன் வேலையைச் சரியாகச் செய்தது என்றே கூற வேண்டும். போன பணத்தை மறந்து, இந்த ஆண்டு ஆலையை ஓட்டுவது கட்டுப்படியாகுமா என்று அது கேட்டது. எத்தனை குறைந்தால் கட்டுப்படியாகாது என்பதையும் காட்டியது. எமிரேட்ஸ் தன் ஆர்டரில் 39-ஐக் குறைத்ததும், 2019 பிப்ரவரியில் உற்பத்தியை நிறுத்தும் முடிவு அறிவிக்கப்பட்டது.

2021 டிசம்பரில் கடைசி ஏ380 ஒப்படைக்கப்பட்டபோது மொத்த எண்ணிக்கை 251. முதலில் அறிவித்த இலக்கைவிட ஒன்று அதிகம். முதலீடு திரும்பவில்லை.

இதிலிருந்து சமநிலைப் பகுப்பாய்வே பயனற்றது என்று முடிவு கட்டுவது அவசரம். குறுகிய காலத்துக்கு, விலையும் செலவும் பெரிதாக மாறாத எல்லைக்குள், அதைவிடக் கைக்கு அடக்கமான கருவி மேலாளருக்குக் கிடைக்காது. பதினைந்து, இருபது ஆண்டுகளுக்கு நீளும் திட்டத்தின் நெற்றியில் ஒற்றை எண்ணை ஒட்டும்போதுதான் அது தடம் புரள்கிறது. அத்தகைய எண்ணைக் கேட்கும் வங்கியாளரும் சட்டமன்ற உறுப்பினரும் பங்குதாரரும் கூடவே கேட்க வேண்டியவை உண்டு: உருவாக்கச் செலவு இதில் சேர்ந்திருக்கிறதா, மூலதனத்துக்கு என்ன விலை வைத்தீர்கள், போட்டியாளர் விலையைக் குறைத்தால் இந்த எண் எங்கே போய் நிற்கும்? நம் வணிகவியல் தேர்வுத் தாள்களும் சூத்திரத்தில் எண்ணைப் போட்டு விடை காணச் சொல்வதோடு நிற்காமல், இந்தக் கேள்விகளையும் மாணவர்களிடம் கேட்கட்டும்.