மலைக்கு வந்த வெள்ளைக் குருணை

ஹட்டன், தலவாக்கலைப் பக்கம் தேயிலை மலைக்கு உரம் போடுவதைப் பார்த்தவர்களுக்கு யூரியாவை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. ஆனால் அந்த வெள்ளைக் குருணைக்குள் அடைபட்டிருப்பது நாம் மூச்சில் விடுகிற அதே காபனீரொட்சைட்டு என்பது பலருக்குத் தெரியாது.

1773இல் பாரிசில் இலேர் ரூவெல் சிறுநீரிலிருந்து யூரியாவைப் பிரித்தார். உயிருள்ள உடல்தான் இதை ஆக்கும் என்று உலகம் நம்பியிருக்க, 1828இல் பெர்லினில் ஃபிரீட்ரிக் வோலர் வேறோர் உப்பைச் செய்யப் போனார், கிடைத்ததோ யூரியா! அமோனியாவும் காபனீரொட்சைட்டும் சேர்ந்த உப்பை மூடிய குழாயில் சூடாக்கினாலே போதும் என்று 1868இல் இரசாயனவியலாளர் பசரோவ் காட்டினார். மலிவான அமோனியாதான் அப்போது இல்லை.

அமோனியாவை மலிவாகச் செய்ய ஓர் ஊக்கி வேண்டியிருந்தது. 1909இல் இரசாயனவியலாளர் ஹேபர் ஊக்கியாகப் பயன்படுத்திய ஒஸ்மியம் உலகிலேயே கொஞ்சம்தான் இருந்தது. ஜெர்மனியின் பிஏஎஸ்எஃப் நிறுவனத்தில் அல்வின் மிட்டாஷ் ஆயிரக்கணக்கான கலவைகளைச் சோதித்தார். சுத்தமான இரும்பு சோம்பிக் கிடக்க, சுவீடனின் யெல்லிவாரேயிலிருந்து வந்த இரும்புத் தாது மட்டும் அபாரமாக வேலை செய்தது. காரணம் அதில் ஒட்டியிருந்த அழுக்கு! இந்தக் கதையில் எனக்கு மிகப் பிடித்த இடம் இதுதான். அழுக்கையே பாடமாக எடுத்து, இரும்பில் அலுமினாவும் பொட்டாசும் வேண்டுமென்றே கலந்தார்கள். 1913இல் அந்நிறுவனத்தின் ஒப்பாவ் ஆலையில் அமோனியா பெருகியது. 1922இல் அங்கேயே யூரியாவும்.

கொழுந்து பறிக்கப் பறிக்கத் தேயிலைக்கு நைதரசன் வேண்டும்; யூரியா தருவது அதைத்தான். 2021இல் இலங்கையில் இரசாயன உர இறக்குமதி தடைப்பட்டபோது மலையகம் இந்தக் குருணையின் அருமையை உணர்ந்தது. கொழுந்து குறைந்தால் அன்றைக்குப் பறிக்க வேண்டிய கிலோ நிறையாது. கிலோ நிறையாவிட்டால் அரைப்பேர்தான், அதாவது அரைநாள் சம்பளம்தான். ஆய்வுகூடத்து ஊக்கி ஒன்று கொழுந்து பறிக்கும் ஒரு தாயின் நாட்சம்பளம் வரை நீள்கிறது.

மண்ணில் யூரியா உடைந்ததும் காபனீரொட்சைட்டு காற்றுக்கே திரும்பிவிடுகிறது. அமோனியா ஆலைகளின் புகை வேறு. ஆகவே புதிய ஊக்கிகளுக்கான தேடல் ஓயவில்லை. 25 அணுக்களே கொண்ட தங்கக் கொத்தில் ஓர் அணுவை மட்டும் பலேடியமாக மாற்றி, காபனீரொட்சைட்டை வேறு பொருளாக்கப் பார்க்கிறார்கள். மிட்டாஷின் அழுக்குப் பாடம் அணுவளவுக்கு இறங்கியிருக்கிறது. 2020இல் சீனாவின் ஹுனான் பல்கலைக்கழகத்தார் பலேடியமும் செம்பும் கலந்த நுண்துகள்களைத் தைத்தேனிய ஒட்சைட்டுத் தகடுகளில் பதித்து, நீரில் நைதரசனையும் காபனீரொட்சைட்டையும் மின்சாரத்தால் இணைத்து, அறை வெப்பத்திலேயே யூரியா எடுத்தார்கள். செலுத்திய மின்சாரத்தில் பத்தில் ஒரு பங்குகூட யூரியாவுக்குப் போய்ச் சேரவில்லை. தோட்டத்துக்கு அது வந்துசேர நாளாகும்.

தைத்தேனியத் தாது நமக்குப் புதிதல்ல. புல்மோட்டைக் கடற்கரை மணலில் அள்ளக் கிடைக்கிறது. அள்ளிக் கப்பலேற்றி அனுப்பிக்கொண்டிருக்கிறோம்.