உயிரைக் காத்த மருந்தும் வளர்ந்த ஈறும்

ஈறு வளர்ந்து பல்லையே மூடிவிடுமா? மூடிவிடும். அதுவும் ஓர் உயிர்காக்கும் மருந்தால்! இந்தக் கதை ஒரு கைப்பிடி மண்ணில் தொடங்குகிறது.

1969-ல் சுவிட்சர்லாந்தின் சாண்டோஸ் மருந்து நிறுவன ஊழியர் ஒருவர் விடுமுறைக்கு நார்வே போனார். வெளியூர் போகிறவர்கள் அங்கிருந்து கொஞ்சம் மண் எடுத்து வருவது அந்த நிறுவனத்தில் வழக்கம். அதில் புதிய ஆன்டிபயாடிக் கிடைக்குமா என்று தேடுவார்கள். ஹார்டாங்கர்விட்டா பீடபூமியில் எடுத்த மண்ணில் இருந்த ஒரு பூஞ்சைதான் சைக்ளோஸ்போரின் மருந்தைத் தந்தது. ஆன்டிபயாடிக்காக அது பெரிதாக உதவவில்லை. ஆனால் உடலின் எதிர்ப்புச் சக்தியை அது அடக்குகிறது என்பது 1972-ல் தெரியவந்தது.

அதனால் என்ன லாபம்? இன்னொருவரின் சிறுநீரகத்தைப் பொருத்தினால் உடல் அதை எதிரியாக நினைத்துத் தாக்கும். அந்தத் தாக்குதலைத் தடுக்க 1978-ல் கேம்பிரிட்ஜில் ராய் கால்ன் இந்த மருந்தை நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். 1983-ல் அமெரிக்கா அனுமதி அளித்தது. உறுப்பு மாற்று சிகிச்சையின் தலையெழுத்தே மாறியது.

அதே 1983-ல்தான், இந்த மருந்து சாப்பிடுபவர்களுக்கு ஈறு தடிக்கிறது என்று பல் மருத்துவர்கள் எழுதினார்கள். அவர்களுக்கு இது முற்றிலும் புதிதல்ல. 1938-ல் வலிப்பு நோய்க்கு வந்த ஃபெனிடோயின் மருந்திலும் மறு ஆண்டே இதைப் பார்த்திருந்தார்கள். 1984-ல் ரத்த அழுத்த மருந்தான நிஃபெடிபைனும் இந்தப் பட்டியலில் சேர்ந்தது. சைக்ளோஸ்போரின் ரத்த அழுத்தத்தைக் கூட்டும். அதைக் குறைக்க நிஃபெடிபைன் கொடுப்பார்கள். இரண்டும் சேர்ந்தால் ஈறு இன்னும் அதிகமாக வளரும்!

ஈறில் கொலாஜன் என்ற நார்ப்புரதம் சரியாகச் சிதையாமல் சேர்ந்துகொண்டே போவதுதான் இதற்கு முக்கியக் காரணம். பல்லில் அழுக்குப் படிந்தால் நிலைமை மோசமாகும்.

எல்லாப் பழியையும் மருந்தின் மேல் போடவும் முடியாது. 1967-ல் விவரிக்கப்பட்ட ஐ-செல் நோய் என்ற அரிய வளர்சிதை மாற்றக் கோளாறில், எந்த மருந்தும் இல்லாமலே குழந்தைகளின் ஈறு தடித்துவிடும். சிஸ்டினோசிஸ் என்ற இன்னொரு அரிய நோயில் கதை வேறு. செல்களுக்குள் சிஸ்டின் படிந்து, சிகிச்சை இல்லாவிட்டால் சுமார் 10 வயதிலேயே சிறுநீரகம் செயலிழக்கும். மாற்றுச் சிறுநீரகம் பொருத்தினால், அந்தக் குழந்தையும் எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்தை நம்பித்தான் வாழவேண்டும்.

பிழைத்ததே பெரிது, ஈறு ஒரு விஷயமா என்று கேட்கலாம். ஆனால் வாய் திறந்து சிரிக்கக் கூச்சப்படும் வளரிளம் பருவத்துப் பிள்ளைக்கு அது பெரிய விஷயம். தோற்றத்துக்குப் பயந்து மாத்திரையைத் தவிர்த்தால், பொருத்திய சிறுநீரகமே போய்விடும்!

விடையும் மண்ணில்தான் கிடைத்தது. 1984-ல் ஜப்பானின் சுகுபா பகுதி மண்ணிலிருந்து டாக்ரோலிமஸ் கிடைத்தது. 1994-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற இந்த மருந்தில் ஈறு வளர்ச்சி மிகக் குறைவு. இன்று பெரும்பாலும் கொடுக்கப்படுவது இதுதான். மற்றவர்களுக்கு மருத்துவர் மருந்தை மாற்றலாம், பற்களைச் சுத்தம் செய்யலாம், வளர்ந்த ஈறை வெட்டி எடுக்கலாம்.

மாத்திரையைத் தானாக நிறுத்துவது மட்டும் ஒருபோதும் கூடாது.