பட்டணத்துக்கு வெளியே ஒரு வீடு



பிழைப்பை நாடி வேற்று மாநிலம் சென்ற தமிழர் எவரையும் ஒரு நாள் ஒரு வினா வந்து எதிர்கொள்ளும். உத்தியோகம் நிலைத்துவிட்டது, குழந்தைகள் பள்ளிக்குச் செல்லத் தொடங்கிவிட்டார்கள், கையிலே சிறிது பணமும் சேர்ந்திருக்கிறது. அதைக் கொண்டு சொந்த ஊரிலுள்ள பழைய வீட்டைப் புதுப்பிப்பதா, அன்றி வந்த நகரின் ஓரத்தில், மரமும் காற்றும் உள்ளதோர் இடத்தில் மனை வாங்குவதா? இவ்வினாவுக்கு விடை கூற நான் முன்வரவில்லை. பம்பாயில் இது எவ்வாறு எழுந்தது என்பதையே சொல்ல விரும்புகிறேன். அந்நகர் 1995-இல் மும்பை என்று பெயர் மாற்றம் பெற்றது. நான் பேசுவதோ பெரும்பாலும் அதற்கு முற்பட்ட காலம். ஆதலின் பழைய பெயரையே ஆளுகிறேன்.

1896 செப்டம்பரில், துறைமுகத்தை அடுத்த மாண்ட்வி பகுதியில் பிளேக் நோய் தோன்றியது. காற்றும் வெளிச்சமும் புகாத நெருக்கமான கட்டடங்களில் அது காட்டுத்தீயெனப் பரவிற்று. மக்கள் இலட்சக்கணக்கில் நகரை விட்டு ஓடினர். ஆலைகளும் துறைமுகமும் ஆளின்றித் தவித்த பிறகுதான், தொழிலாளரின் குடியிருப்பும் தமது கவலைக்குரியதே என்பது ஆட்சியாளருக்குப் புலனாயிற்று. 1898-இல் ஒரு சட்டத்தின் மூலம் பம்பாய் நகர அபிவிருத்தி டிரஸ்ட் நிறுவப்பட்டது.

அந்த டிரஸ்ட் செய்த முதற்பணி இடித்தல். கடற்காற்று உட்புகுமாறு நெரிசலான பகுதிகளை ஊடறுத்து அகன்ற சாலைகள் போடப்பட்டன. வீடிழந்த ஏழைகளோ வெகுதூரம் போகவில்லை. அடுத்த தெருவில், முன்னிலும் நெருக்கமாக, ஒண்டிக் குடித்தனம் புகுந்தனர். இடித்த வேகத்தில் கட்டவில்லை என்ற குறை அன்றே எழுந்தது. அது நியாயமான குறையே.

இரண்டாம் பணி, நகருக்கு வடக்கே தாதர், மாதுங்கா, சயான் பகுதிகளில் நிலத்தைக் கையகப்படுத்தி, புதிய குடியிருப்புகளுக்கு மனை பிரித்தல். அக்காலத்தில் அவை வயலும் தென்னை பனைகளும் நீர் தேங்கும் பள்ளங்களுமாக இருந்த சிற்றூர்கள். பட்டணத்தாரின் கண்ணுக்கு அது வெற்றிடம். அங்கே உழுதவனுக்கு அப்படியன்று. பிற்காலத்தில் அங்கு அமைதியை நாடிச் சென்றவர்களில் எத்தனை பேர், அவன் எங்கே போனான் என்று கேட்டிருப்பார்கள்?

இங்கே ஒரு சுவையான ஒற்றுமையைச் சொல்லாமலிருக்க இயலவில்லை. டிரஸ்ட் பிறந்த அதே 1898-ஆம் ஆண்டில், இலண்டனில் எபினேசர் ஹோவர்டு என்பவர் தோட்ட நகரங்களைப் பற்றிய தம் நூலை வெளியிட்டார். பட்டணத்தின் தொழில் வாய்ப்பும் நாட்டுப்புறத்தின் நல்ல காற்றும் ஓரிடத்தில் சேர்ந்திருக்க வேண்டும் என்பது அவர் கருத்து. 1903-இல் லெட்ச்வொர்த் என்னும் ஊர் அக்கருத்தின்படி தொடங்கப்பட்டது. அவர் கட்டடக் கலைஞரும் அல்லர், செல்வரும் அல்லர். பாராளுமன்றப் பேச்சுக்களைக் குறித்தெடுக்கும் சுருக்கெழுத்தாளர். சுருக்கெழுத்தும் தட்டெழுத்தும் கற்று, அவற்றையே மூலதனமாகக் கொண்டு பம்பாய்க்கு ரயில் ஏறிய நம்மவர் எத்தனை பேர்! ஹோவர்டின் திட்டத்தில் நிலம் தனியார் உடைமையன்று. ஊராரின் பொதுச் சொத்து. விலை ஏறினால் அதன் பயன் ஊருக்கே சேர வேண்டும். அவர் கருத்து உலகெங்கும் பரவியபோது தோட்டம் மட்டுமே பரவிற்று. பொதுச் சொத்து வழியிலேயே இறக்கிவிடப்பட்டது.

மாதுங்காவுக்கு வருவோம். மரங்கள் நிழல் தரும் சாலைகள், வட்ட வடிவான பூங்கா, வீட்டைச் சுற்றிலும் இடம் விட வேண்டும் என்ற விதிகள், நீண்ட காலக் குத்தகையில் மனைகள் ஆகிய யாவும் வகுக்கப்பட்டன. எனினும் மனைகள் பல்லாண்டுகள் வெறுமையாகவே கிடந்தன. வசதியுள்ளவர் அத்துணைத் தொலைவு செல்ல விரும்பவில்லை. செல்ல விரும்பியவரிடம் வசதியில்லை. முதல் உலகப் போர் முடிந்த பின்னரே கட்டடங்கள் எழலாயின. 1925 பிப்ரவரி 3-ஆம் நாள் விக்டோரியா டெர்மினஸ்ஸிலிருந்து குர்லாவுக்கு நாட்டின் முதல் மின்சார ரயில் ஓடியது. மின்சார ரயில் பெருகப் பெருக, அலுவலகக் குமாஸ்தாவுக்குத் தொலைவு ஒரு பொருட்டன்று என்றாயிற்று.

தனி வீடுகளையே டிரஸ்ட் எண்ணியிருந்தது. எழுந்தவையோ மூன்றடுக்கு மாடிக் கட்டடங்கள். நிலத்தின் விலை அப்படி. ஆயினும் தமிழ்க் குடும்பங்கள் அவற்றை விரும்பி ஏற்றன. பழைய சால் எனப்படும் கட்டடங்களில் ஒரு குடும்பத்துக்கு ஓர் அறை. குழாயும் கழிவறையும் தாழ்வாரத்தின் கோடியில் எல்லோருக்கும் பொது. புதிய மாடியிலோ சமையலறையும் குளியலறையும் கதவுக்கு உள்ளேயே இருந்தன. கழிவறையும் வீட்டுக்குள் இருப்பது ஆசாரக் குறைவு என்று முதலில் முணுமுணுத்த பெரியவர்கள், ஒரு மழைக்காலம் கழிந்ததும் அதைப் பற்றிப் பேசுவதை நிறுத்திக்கொண்டார்கள் என்று எங்கள் குடும்பத்தில் சொல்வதுண்டு. 1923-இல் ஆஸ்திக சமாஜம், 1932-இல் தென்னிந்தியக் கல்விச் சங்கம் என அமைப்புகள் தோன்றின. கோயிலும் பள்ளியும் காப்பிக் கடையும் அமைந்தபின் மாதுங்கா நம்மவர் பேட்டையாகிவிட்டது.

ஆனால், 'நம்மவர்' என்று நாவாரச் சொல்லும்போது ஒன்றை மறத்தலாகாது. ரயில் பாதைக்கு மேற்கே தாராவி. அங்கே தோல் பதனிடும் தொழிலுக்குத் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்து உழைத்தவர்களும் தமிழர்களே. மாதுங்காவின் அமைதி அவர்களுக்கு எட்டவில்லை. பாதையைக் கடந்து செல்லும் தொலைவுதான்!

மாதுங்காவில் வாழ்ந்தோரில் மிகப் பலர் வாடகைக்காரர்களே. சொந்த வீடு என்ற எண்ணத்துக்குக் கூட்டுறவு இயக்கம் வழிகாட்டியது. காம்தேவி பகுதியில் 1915-இல் பதிவான சாரஸ்வதக் கூட்டுறவு வீட்டுச் சங்கம் இதில் முன்னோடி. கட்டடம் சங்கத்துக்குச் சொந்தம், உறுப்பினர் பங்குதாரர். 1947-இன் வாடகைச் சட்டம் வாடகையைக் கட்டிப்போட்டதும், வாடகைக்கு விடுவதற்கென்று கட்டுவோர் குறைந்தனர். உள்ள வீட்டுக்கும் 'பகடி' என்று பெருந்தொகை கேட்கும் வழக்கம் பெருகிற்று. எனவே நடுத்தரக் குடும்பங்கள் மேலும் வடக்கே, செம்பூர், முலுண்ட் என்று சொந்த இடம் தேடலாயின.

சுருக்கெழுத்தாளராக இருந்த என் பாட்டனார் 1951-இல் செம்பூரில் ஓட்டு வீட்டுடன் கூடிய சிறு மனை ஒன்றை வாங்கினார். பாட்டிக்கு அதில் அறவே விருப்பமில்லை. அந்தப் பணத்தில் தஞ்சை மாவட்டத்து வீட்டுக்குக் கூரை மாற்றியிருக்கலாம் என்பது அவர் கட்சி. பத்திரம் பதிவான அன்று அவர் சமைக்கவில்லையாம். பாட்டனார் கேழ்வரகு மாவைக் கரைத்துக் குடித்துவிட்டு, புதிய மனையில் தாமே ஒரு மாங்கன்றை நட்டு வந்தார்.

அமைதியை நாடிச் சென்ற இடத்தில் அமைதி நெடுநாள் நிற்கவில்லை. பிரிவினைக்குப் பின் வந்த சிந்தி அகதிகளுக்கு அங்கே முகாம் அமைந்தது. அது தவிர்க்க இயலாத கடமை. அடுத்துள்ள டிராம்பேயில் 1954-லும் 1955-லும் இரண்டு எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகள் தோன்றின. நாட்டுப்புறம் என்று எண்ணி வாங்கிய நிலம் ஒரு தலைமுறைக்குள் தொழிற்பேட்டையின் வாயிலாயிற்று. கட்டித் தருவதாகச் சொல்லி முன்பணம் பெற்று ஏமாற்றுவோரும் பெருகவே, 1963-இல் மகாராஷ்டிர அரசு சட்டம் இயற்றியது. நிலத்தின் உரிமையையும் வரைபடத்தையும் வாங்குவோருக்குக் காட்ட வேண்டும், எழுத்து வடிவ ஒப்பந்தமின்றி முன்பணம் பெறலாகாது என்பன அதன் முக்கிய விதிகள்.

1966-இல் சிவசேனை தோன்றிய பின், அலுவலக வேலைகளில் தென்னிந்தியர் மிகுந்துவிட்டனர் என்ற கூக்குரல் எழுந்தது. சில இடங்களில் கல்லெறியும் நடந்தது. ஊரிலிருந்து உறவினர் கடிதத்துக்கு மேல் கடிதம் எழுதினர்: விற்றுவிட்டு வந்துவிடுங்கள் என்று. பாட்டனாரும் அரைமனத்துடன் விலை விசாரிக்கத் தொடங்கினார். தடுத்தவர் பாட்டி. மாமரம் அவ்வாண்டுதான் நன்றாகக் காய்த்திருந்தது. அண்டை வீட்டு மராத்தியப் பெண்மணிக்கு ஊறுகாய் போட்டுத் தருவதாக வாக்களித்திருந்தார். பத்திரத்தைப் பெட்டியிலிருந்து எடுத்துத் தம் புடவைகளுக்கு அடியில் வைத்துப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். அதன்பின் விற்பனைப் பேச்சு எழவேயில்லை.